மூன்றாம் இடத்தில் இறங்கியவர்

மார்ச் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம்தானே? அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டார், இருந்தாலும் அண்ணி எழுதியிருக்கிறாள் என்று சொல்லிப் பார். திட்டு விழுந்தால் என் பங்கைப் பத்திரமாக எடுத்து வை, ஊருக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நாங்கள் இருவரும் சுகம். உன் அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இதுவரை ஒரே நாட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த இந்தக் கார்ப் பந்தயத் தொடர் இந்த வருடம் சர்வதேசப் போட்டியாகிவிட்டது. ஏழு நாடு, பதினோரு பந்தயம், மூன்று கார் கம்பெனி, இருபத்தாறு வண்டி. நேற்று எல்லா ஓட்டுநர்களையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். உன் அண்ணன் கண்ணை மூடியிருப்பார், பத்திரிகையில் வந்தால் பார்.

அத்தை ஒரு சந்தேகம் கேட்டிருந்தாரே, “நம்ம டாக்டரம்மா வெச்சிருக்குற மாதிரியே கார் இருக்கு, இதுல என்ன பந்தயம்?” என்று. பார்க்க அப்படித்தான் இருக்கும். கடையில் வாங்கும் குடும்பக் காரைப் போல இருப்பதுதான் இந்தப் போட்டியின் விசேஷமே. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு இருக்கை, இரும்புக் குழாய்க் கூண்டு, அவ்வளவுதான். கதவு பிஸ்கட் டப்பா மூடியைப் போல லேசானது. ஜெயித்தவர் வண்டியில் அடுத்த பந்தயத்துக்கு இரும்புக் கட்டி ஏற்றி எடை கூட்டுவார்கள் என்பதையும் சொல். ஜெயித்ததற்குத் தண்டனையா என்று அத்தை கட்டாயம் கேட்பார்.

என் வேலை மாறவில்லை. பாதையோரச் சுவரில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் நேரத்தைக் குறிக்கிறேன். கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் எங்கள் குழுத் தலைவர் மீசைக்காரருக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. “அது தப்புப் பண்ணா யாரைத் திட்டுறது?” என்கிறார். அதற்காகவே என்னை வைத்திருக்கிறார்.

பதில் போடு. அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா படிக்கட்டை விடவில்லை, முழங்கால் அம்மாவை விடவில்லை. இருவருக்கும் நடுவில் நான் தைலத்துடன் நிற்கிறேன்.

நீங்கள் சொன்னது சரி. படத்தில் இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேர் கண் திறந்திருக்கிறார்கள். அதை வெட்டிக் கடையின் கண்ணாடி அலமாரியில் ஒட்டிவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் எது? மாடியில் கண் பரிசோதனை செய்யும் டாக்டரம்மாகூடப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இவரை ஒரு தடவை என்கிட்ட அனுப்பு” என்றார்.

முதல் பந்தயத்தை டிவியில் பார்த்தோம். தெருவில் பெரிய டிவி நம்முடையதுதான் என்பதால் எதிர் சலூன்காரர், அவர் மனைவி, தபால்காரர், லென்ஸ் வாங்க வந்த இரண்டு பேர் எல்லோரும் கூடத்தில். அண்ணன் நான்காவதாக வந்தான். அம்மா கடைசிவரை, “முன்னாடி போறவன் கொஞ்சம் வழி விட்டா என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த முன்னாடி போனவர் முன்பு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவராமே? வாத்தியார்கள் வழி விட மாட்டார்கள் என்று சொல்லி வைத்தேன்.

சலூன்காரர் அண்ணன் வண்டியின் எண்ணைத் தன் கடைக் கதவில் பெயின்ட் அடித்துவிட்டார். நல்ல சகுனமாம். எனக்கென்னவோ வீட்டு எண் என்று நினைத்துத் தபால்காரர் குழம்பப் போகிறார் என்று தோன்றுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அண்ணனிடம், அவசரம் என்று சின்ன வயதில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் இப்போது ஏழு நாட்டில் தெரிகிறது என்று சொல்லுங்கள்.

உங்கள்,
நாத்தனார்

மே 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

கடிதம் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. அத்தைக்குத் தைலம் கேட்கிறதா? நாங்கள் நலம், ஒரு சின்ன ஜலதோஷம் தவிர. அதுவும் எனக்குத்தான்.

நான்காவது பந்தயத்தில் உன் அண்ணன் ஜெயித்ததைப் பார்த்திருப்பாய். நீ பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. கூட்டம் வேலியைத் தாண்டி வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டது. எண்பதாயிரம் பேராம். ஒருவர் தன் கார்ச் சாவியைக் கொடுத்து அதில் கையெழுத்துப் போடச் சொன்னார். சாவியில் எங்கே போடுவது? இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் அவரைத் தள்ளிவிட்டது. அந்தச் சாவி இப்போது எங்களிடம் இருக்கிறது. அந்த மனிதர் எப்படி வீட்டுக்குப் போனாரோ.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதிதாக ஒரு டிவி கம்பெனி வருகிறது. அடுத்த வருடம் கடல் தாண்டியும் நடத்தப் போகிறார்களாம். மீசைக்காரர் புதிதாக இரண்டு சூட் தைத்துக்கொண்டார்.

மெக்கானிக்குகள் உன் அண்ணனுக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள், “இடது கை தாராளம்” என்று. இந்த மாதத்தில் மட்டும் வண்டியின் இடது பக்கக் கண்ணாடி மூன்று உடைந்துவிட்டது. வலது பக்கம் புத்தம் புதிதாக இருக்கிறது.

இன்னொன்று. இங்கே எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். நேராகப் பார்த்தால் தூரத்தில் இருக்கும் எழுத்தெல்லாம் படிக்கிறார். ஆனால் பக்கவாட்டில் யாராவது வந்து நின்றால் திடுக்கிடுகிறார். கோழியைப் போலத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்குக் கண்ணாடி ஏதாவது இருக்கிறதா? சும்மா கேட்டேன். அவர் கூச்ச சுபாவம், அதனால் பெயர் எழுதவில்லை.

அன்புடன்,
அண்ணி

ஜூன் 1

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா நலம். ஜலதோஷத்துக்கு ஆவி பிடியுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த அந்தக் கூச்ச சுபாவக்காரர், நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது என் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப் போய்க் கிணற்றுச் சுவரில் மோதியவரா? அப்படியானால் மேலே படியுங்கள். வேறு யாராவது என்றாலும் படியுங்கள், வைத்தியம் ஒன்றுதான்.

அதற்குக் கண்ணாடி கிடையாது. கண்ணுக்குள் அழுத்தம் கூடினால் ஓரப் பார்வை மெதுவாகக் குறையும். வலி இருக்காது. நேர்ப் பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. சுவரில் மாட்டிய எழுத்து அட்டையை மட்டும் வைத்து லைசென்ஸ் கொடுப்பவர்களுக்கும் தெரியாது.

ஒரு சின்னச் சோதனை. அவரை எதிரே உட்கார வையுங்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பென்சிலைக் காதுக்குப் பின்னாலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவாருங்கள். எப்போது தெரிகிறது என்று கேளுங்கள். காதைத் தாண்டியதுமே தெரிய வேண்டும். அப்படித் தெரியாவிட்டால் உடனே எனக்கு எழுதுங்கள்.

உடனே என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள்,
நாத்தனார்

ஜூலை 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

அத்தையும் நீயும் நலம் என்று நம்புகிறேன். இங்கே மழை பெய்து ஓய்ந்து, பந்தயப் பாதை பளபளவென்று இருக்கிறது.

நிறைய எழுத வேண்டும், நேரம்தான் இல்லை. ஏழு பந்தயம் முடிந்து உன் அண்ணன் மூன்றாம் இடத்தில் இருக்கிறார். முதல் இடம் வாத்தியாருக்கு. எங்கே போனாலும் கூட்டம். இரண்டாவது கம்பெனி புதிதாக ஒரு கருவி பொருத்தியிருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது உள்ளே இருக்கும் எடை தானாக மறுபக்கம் நகருமாம். உடனே மூன்றாவது கம்பெனியும் அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. எங்கள் மெக்கானிக் ஒருவர், “இதுக்கு நானே உள்ள உக்காந்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்துக்குவேனே” என்கிறார்.

ஹோட்டல் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு துணி வெளுக்கும் கடை. நாற்பது வெள்ளைச் சட்டைகள் ஒரே கொடியில் ஆடுகின்றன, நன்றாக இருக்கிறது.

நீ சொன்ன அந்தச் சோதனையைச் செய்ய முடியவில்லை. பென்சில் கிடைக்கவில்லை.

அத்தைக்கு வணக்கம்.

அன்புடன்,
அண்ணி

ஜூலை 28

அண்ணிக்கு,

நலம். நலம்தானா என்று கேட்கப் போவதில்லை, அதுதான் தெரிகிறதே.

நேரம் குறித்துச் சம்பளம் வாங்குகிற உங்களுக்குப் பென்சில் கிடைக்கவில்லையா? டிவியில் உங்களை இரண்டு நொடி காட்டினார்கள். ஒன்று கையில், ஒன்று காதில், ஒன்று கொண்டையில். நான் எண்ணினேன்.

அண்ணி, நான் உங்களிடம் சண்டை போட்டதே இல்லை. நாத்தனார் என்றால் வாயாடி என்று ஊர் சொல்லும், அந்தப் பெயரை நான் இன்னும் சம்பாதிக்கவில்லை. இந்தக் கடிதத்தில் சம்பாதித்துக்கொள்கிறேன். அண்ணனுக்கு இடது பக்கம் தெரியவில்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உடைந்த கண்ணாடிகளுக்கும் தெரியும். இரண்டு கார் உரசிக்கொண்டு ஓடுகிற போட்டி இது. அந்த வாத்தியாருக்கு இரண்டு பெண்கள், பந்தயம் முடிந்ததும் ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். அவரை இவன் பார்க்காமல் இடித்தால் என்ன ஆகும்?

டாக்டரம்மாவிடம் யாரென்று சொல்லாமல் கேட்டேன். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம் என்றார்.

அண்ணன் வண்டியிலிருந்து இறங்க வேண்டும். அடுத்த மாதம் முடிவதற்குள் நீங்கள் எழுதாவிட்டால் பந்தய மருத்துவருக்கு நானே எழுதுவேன். அம்மாமேல் சத்தியம்.

நாத்தனார்

ஆகஸ்ட் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ திட்டியதற்கு நன்றி. உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். அத்தையிடம் எதுவும் சொல்லாமல் இருந்ததற்கும் நன்றி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏப்ரலிலேயே சந்தேகம். என் தாளில் இருந்தது. தனியாக ஓடும்போது உன் அண்ணன் நேரம் கச்சிதமாக இருக்கும். இடது பக்கம் ஒரு வண்டி வந்துவிட்டால் சுற்றுக்கு அரை நொடி கூடும். ஒவ்வொரு முறையும் அரை நொடி. எழுதிவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை, ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் அவரை வலது கண்ணைப் பொத்தச் சொல்லிப் பென்சிலை எடுத்தேன்.

“எப்ப தெரியுதுன்னு சொல்லுங்க.”

“எது?”

“பென்சில்.”

“எங்க வெச்சிருக்க?”

பென்சில் அவருடைய கன்னத்துக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. பக்கத்து மேசைக்காரருக்குக்கூடத் தெரிந்தது. நான் கையைக் கீழே போட்டேன். அவரும் பொத்தியிருந்த கையை எடுத்தார்.

“எவ்வளவு நாளா தெரியும் உனக்கு?” என்றார்.

“ஏப்ரல்லேருந்து. உங்களுக்கு?”

“போன வருஷக் கடைசியிலேருந்து.” அவரே தொடர்ந்தார்: “வாத்தியார் பக்கத்துல வந்தா சத்தத்தை வெச்சு ஓட்டிடுவேன். அவர் வண்டிச் சத்தம் எனக்கு மனப்பாடம். இன்னும் நாலே பந்தயம். முடிஞ்சதும் நேரா டாக்டர்கிட்ட போறேன்.”

கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்று மதியம் பயிற்சி ஓட்டம். வாத்தியார் வண்டிக்குப் புதிதாகப் புகைக்குழாய் மாற்றியிருக்கிறார்கள். அது உன் அண்ணனுக்குத் தெரியாது. சத்தம் வேறு மாதிரி இருந்ததால், அவர் பின்னால் எங்கோ வருகிறார் என்று நினைத்துக்கொண்டு இடது வளைவில் வண்டியைத் திருப்பிவிட்டார். வாத்தியார் அங்கேதான் இருந்தார். அவர் வண்டி சரளைக் கல்லில் சறுக்கிப் போய் டயர்ச் சுவரில் மோதி நின்றது. என் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்துவிட்டேன். வாத்தியார் கதவைத் திறந்து இறங்கி நிற்கும்வரை ஐம்பத்தொரு நொடி.

அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார்.

“ஏம்ப்பா, கோவம்னா சொல்லிட்டு இடிக்கக் கூடாதா?”

“கோவம் இல்ல சார். நீங்க அங்க இருந்ததே தெரியல.”

வாத்தியார் அவர் முகத்தையே பார்த்தார். இருபது வருடம் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தவர் அல்லவா. ஒரு கையை மெல்ல இவருடைய இடது காதுப் பக்கம் தூக்கி, விரலை ஆட்டினார். இவர் திரும்பவில்லை.

“நீயா சொல்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றார் வாத்தியார். “ஆனா நாளைக்கு நீ வண்டில உக்காந்தா, நான் உக்கார மாட்டேன்.”

உன் அண்ணன் அப்படியே மீசைக்காரரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

“இறங்கிக்கறேன்.”

“மூணாவது இடத்துல இருக்கறப்பவா? இன்னிக்கி உலகமே இந்தப் போட்டியப் பாக்குது. பைத்தியமா உனக்கு?”

“இதுல மேற்கொண்டு எனக்கு எதுவும் தெரியல சார்,” என்றார். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார், பாதியில் நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற நிருபர் அதை எழுதிக்கொண்டார். மீசைக்காரர் புது சூட்டின் கோட்டைக் கழற்றித் தரையில் அடித்தார்.

உன் அண்ணன் வியாழக்கிழமை அங்கே வருகிறார். டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கி வை. எனக்கு இங்கே வேலை இருக்கிறது, அனுப்பமாட்டார்கள். கைபிடித்து அழைத்துப் போவாய் என்று தெரியும்.

அன்புடன்,
அண்ணி

செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

அனைவரும் சௌக்கியம். இந்த முறை நிஜமாகவே.

அண்ணன் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்ததை நான் முதல் முறையாகப் பார்த்தேன். தாடையைப் பரிசோதனைக் கருவியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, விளக்குப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நான் கதவோரம் நின்றேன். புள்ளிகள் மின்னி மின்னி மறைகின்றன, பொத்தான் சத்தம் வரவில்லை. பிறகு புள்ளி நடுவிலே வந்ததும் டிக் டிக்கென்று விடாமல் அழுத்தினான்.

இரண்டு கண்ணிலும் ஓரம் போயிருக்கிறது, இடது கண் மோசம். ஆனால் டாக்டரம்மா, “நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்க. தினம் காலைல சாயங்காலம் சொட்டு மருந்து விட்டா இருக்கறது இருக்கும். எண்பது வயசு வரைக்கும் பேப்பர் படிக்கலாம்,” என்றார். அண்ணன், “பேப்பர்ல என்னைத் திட்டி எழுதறதையெல்லாமா?” என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அம்மாவிடம் கண்ணில் தூசி அலர்ஜி என்று சொல்லியிருக்கிறான். இறங்கியதற்குக் காரணம் அலுப்பு என்று. தெருவில் யாருக்கும் பொறுக்கவில்லை. சலூன்காரர் கதவில் இருந்த எண்ணின்மேல் வெள்ளையடித்துவிட்டார். “வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சுட்டாரே உங்க அண்ணன்,” என்று முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களிடமெல்லாம் புலம்புகிறார்.

டிவிக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்களாமே, வர்ணனை செய்ய? அவன் வாய்க்கு அதுதான் சரியான வேலை. அங்கே திரை நேர் எதிரே இருக்கும், பக்கவாட்டில் யாரும் முந்த மாட்டார்கள்.

உங்கள்,
நாத்தனார்

மே 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

புது வருடம் பிறந்து இதுதான் உனக்கு நான் எழுதும் முதல் நீளக் கடிதம். அத்தை குச்சி ஊன்றாமல் நடக்கிறார் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். உன் அண்ணன் சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. நான் நேரம் குறிக்கிறேன்.

உன் அண்ணனின் டிவி வர்ணனையை ரசிகர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். ஆனால் பேசுவதற்குப் பந்தயம்தான் குறைந்துகொண்டே வருகிறது. கடல் தாண்டிப் போய் ஒரு பந்தயம் நடத்தினோம். நாற்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கு. எண்ணுவது என் பழக்கம் அல்லவா, அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் பாதிப்பேர் எங்கள் குழுக்களின் சட்டை போட்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கார்களும் தெரியாது, ஓட்டுபவர்களையும் தெரியாது. போன வருடம் வேலி தாண்டி ஓடி வந்தவர்களுக்கோ அத்தனை தூரம் வர வழியில்லை. அங்கே டிவியில் பந்தயத்தை இரண்டு நாள் கழித்துப் போடுகிறார்கள், சமையல் நிகழ்ச்சிக்குப் பிறகு.

கம்பெனிகளும் ஒன்றை ஒன்று பார்த்து வெறி பிடித்தாற்போல வண்டிக்குள் கருவிகளைத் திணிக்கின்றன. குடும்பக் காரில் இருப்பது இதில் எதுவும் இல்லை. ஒரு பந்தயத்துக்கென்று செய்ததை அடுத்த பந்தயத்தில் தூக்கிப் போடுகிறார்கள். விதிமுறைக் கூட்டம் என்று மூன்று கம்பெனியும் உட்கார்ந்தார்கள், ஆறு மணி நேரம். எதில் ஒத்துப்போனார்கள் என்று மீசைக்காரரைக் கேட்டேன். “மத்தியானச் சாப்பாட்டுல,” என்றார். புது சூட் இப்போது கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது.

முதல் கம்பெனி விலகப் போகிறது என்று பேச்சு வந்ததும் ஒரு பத்திரிகை பழைய செய்தியைத் தோண்டி எடுத்துவிட்டது. உன் அண்ணன் மீசைக்காரரிடம் சொன்னாரே, ‘இதில் மேற்கொண்டு எனக்கு எதுவும் தெரியவில்லை’ என்று, அதைக் கொட்டை எழுத்தில் போட்டு, “உச்சியில் இருந்தபோதே வீழ்ச்சியைக் கண்ட ஒரே மனிதர்” என்று எழுதியிருக்கிறார்கள். தீர்க்கதரிசியாம்.

நான் சிரித்துச் சிரித்து இருமினேன். அவர் சிரிக்கவில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்புடன்,
அண்ணி

ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் இருமல் போயிற்றா?

இரண்டு கம்பெனிகள் ஒரே நாளில் விலகிவிட்டன என்று நேற்றுச் செய்தியில் சொன்னார்கள். எத்தனை பேர் வேலை போகும் என்று நினைத்து வருத்தமாக இருந்தது. இங்கே தெருவில் யாருக்கும் அந்த வருத்தம் இல்லை. எல்லோரும் அண்ணன் புகழ் பாடுகிறார்கள். சலூன்காரர் வெள்ளையைச் சுரண்டி எடுத்து எண்ணைத் திரும்ப வரவழைத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரில் இரண்டாவது கடை எடுக்கலாமா என்று போனில் அண்ணனையே கேட்டிருக்கிறார். அண்ணன், “எடுங்க, அந்தப் பக்கம் நல்லா வரும்,” என்றானாம். தபால்காரர் பெண்ணுக்கு எந்தப் படிப்பு என்று கேட்டிருக்கிறார். அதற்கும் பதில் சொல்லியிருக்கிறான். எப்போதிருந்து அண்ணி இவனுக்கு இதெல்லாம் தெரியும்?

புதிதாக ஒரு பந்தயத் தொடர் தொடங்க ஒரு பெரிய தொழிலதிபர் அவனைத் தலைவராகக் கேட்டிருக்கிறாராமே. எதிர்காலம் தெரிந்த மனிதர் வேண்டும் என்கிறாராம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு போய்விட்டது. போன வாரம் கடைக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார், பக்கத்தில் நின்ற என்னைக் கவனிக்காமல் இடித்துக்கொண்டார். அண்ணனும் அப்படித்தானே படித்துக் காட்டியிருப்பான்? பந்தயத்தில் இருப்பவர்களில் இன்னும் எத்தனை பேர் அப்படிப் படித்துக் காட்டுகிறார்களோ. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்துப் பேர் போய்க் கண்ணைக் காட்டுவார்கள். சொல்லாமல் இருக்கிறான், இருக்க இருக்க அந்தத் தீர்க்கதரிசிப் பட்டம் அவனுக்குப் பிடித்துப்போகிறது.

இதை அவனிடம் படித்துக் காட்டுங்கள். நானே சொன்னதாகவே இருக்கட்டும்.

உங்கள்,
நாத்தனார்

அக்டோபர் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

நேற்று நீங்கள் எல்லோரும் டிவி முன்னால் இருந்திருப்பீர்கள். அத்தை எப்படி இருக்கிறார்? முதலில் அதை எழுது.

உன் கடிதத்தை அன்றே படித்துக் காட்டினேன். “வாயாடி” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று மாதம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் நானே அவருக்காக எழுதி வைக்க முடியாது.

கடைசிப் பந்தயத்தில் எட்டு வண்டிகள். எட்டே எட்டு. எண்பதாயிரம் பேர் நின்ற அதே இடத்தில் புல் வளர்ந்திருந்தது. இருந்தாலும் பந்தயம் நன்றாக இருந்தது, பார்த்தாய் அல்லவா? எட்டுப் பேரும் இருபத்தாறு பேர் போல ஓட்டினார்கள். வாத்தியார் ஜெயித்துப் பட்டம் வாங்கினார். இந்தத் தொடரின் கடைசிப் பட்டம்.

பரிசளிப்பு முடிந்ததும் உடனிருந்த வர்ணனையாளர் உன் அண்ணனைக் கேட்டார்: “போன வருஷம் எல்லாரும் கொண்டாடிட்டு இருந்தப்ப நீங்க மட்டும் இதைப் பாத்தீங்களே, எப்படி?” அந்தத் தொழிலதிபர் வர்ணனை அறையிலேயே, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

நான் சுவரில் உட்கார்ந்து காதில் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். “நான் எதையும் பாக்கலைங்க. எனக்குக் கண்ணு தெரியல, அதனால இறங்கினேன். இடது பக்கம் வந்த வாத்தியாரைப் பாக்காம இடிச்சேன். அவர் செத்திருக்கலாம். மாசக்கணக்கா எழுத்து அட்டையை மட்டும் படிச்சுக் காட்டி எல்லாரையும் ஏமாத்தினேன். என்னை மாதிரி இன்னும் யாராவது ஓட்டிட்டு இருந்தா, தயவுசெஞ்சு இறங்கிடுங்க.”

தொழிலதிபர் எழுந்து போய்விட்டார். நல்ல மனிதர்தான், போகும்போது கை குலுக்கிவிட்டுப் போனார். நான் மாடியில் வர்ணனை அறைக்குப் போனபோது வாத்தியாரும் கோப்பையோடு வந்தார். இருவரும் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார்கள். மீசைக்காரர்தான் வந்து கத்தினார். “அன்னிக்கே சொல்லியிருந்தா என் கோட்டு தப்பிச்சிருக்குமேடா.”

இனி எனக்கும் இங்கே வேலை இல்லை. வாடகை வீட்டுக்குத் திரும்புகிறோம். அவர் காலையில் பாடிக்கொண்டே சவரம் செய்தார். கேட்க முடியவில்லை, ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்புடன்,
அண்ணி

நவம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். அண்ணன் பேசி முடித்ததும் அம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்து, “உனக்குத் தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன். “சரி, உனக்காவது தெரிஞ்சுதே,” என்று சொல்லிவிட்டு, வந்திருந்தவர்களுக்குக் காப்பி போடப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் தைலம் கேட்டாள்.

சலூன்காரரிடம், “தீர்க்கதரிசனம் எல்லாம் சும்மா, கேட்டீங்களா?” என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பஸ் நிலையத்துக் கடையில் கூட்டம் நெரிகிறதாம். “கண்ணு தெரியாமலே இவ்வளவு தெரியுதுன்னா யோசிச்சுப் பாருங்க,” என்கிறார். அவரைத் திருத்த என்னால் ஆகாது.

இதை எழுதக் காரணம் வேறு. பந்தய ஓட்டுநர் சங்கம் விதியை மாற்றிவிட்டது. இனி எந்தப் பந்தயத்துக்கு லைசென்ஸ் வேண்டுமானாலும் ஓரப் பார்வைப் பரிசோதனை கட்டாயம். இந்த வட்டாரத்துக்கு டாக்டரம்மாவையும் என்னையும் நியமித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேர் பொத்தானை அழுத்தினார்கள், எழுந்து போனார்கள். ஏழாமவர் முப்பது வயதிருக்கும், மலைப்பாதைப் பந்தயக்காரர். வலது பக்கப் புள்ளிகள் அணைந்து அணைந்து போயின, அவர் விரல் அசையவில்லை.

காகிதத்தைக் கையில் கொடுத்ததும் கதவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?”

“டாக்டரம்மா சங்கத்துக்கு அனுப்பித்தான் ஆகணும். வீட்டுல நீங்கதான் சொல்லணும்,” என்றேன்.

காகிதத்தை நான்காக மடித்தார். பிறகு, “டிவில சொன்னாரே ஒருத்தர், அவர் எப்படிங்க சொன்னாரு?”

“லேசுல சொல்லல. ரெண்டு வருஷம் ஆச்சு. நடுவுல மூணு பேர் திட்டினோம்.”

அவர் சிரித்துவிட்டார். நான் அண்ணன் முகவரியை எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறார். அண்ணனை எங்கும் போகாமல் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். வந்தவரை அண்ணனுக்கு இடது பக்கம் உட்கார வைக்காதீர்கள், நேர் எதிரே நாற்காலி போடுங்கள். இருவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியட்டும்.

உங்கள்,
நாத்தனார்